சிறிய கெப் வாகனம்: வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

வாகனம் வாங்குவது எமது சமூகத்தில் சாதாரணமானதொரு கொள்வனவு அல்ல. வீடு கட்டுவதற்கும் பிள்ளையைக் கரைசேர்ப்பதற்கும் அடுத்தபடியாக, ஒரு குடும்பம் தனது சேமிப்பையும் நகைநட்டையும் நற்பெயரையும் ஒருங்கே ஈடுவைக்கும் காரியமாகவே அது இருந்து வருகிறது. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கும் மீளத் திறந்துவிடப்பட்டதைத் தொடர்ந்து, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக அடக்கி வைக்கப்பட்டிருந்த ஆசைகள் விற்பனை நிலையங்களை நோக்கித் திரும்பின. அவற்றுள் கணிசமானவை, முன்னால் ஆட்கள் இருக்கவும் பின்னால் பொருட்கள் ஏற்றவும் ஏற்ற சிறிய கெப் ரக வாகனங்களின் மீது தரித்து நிற்பதை நாம் காண்கிறோம்.

தோட்டத்துக்கும் ஆயிற்று, குடும்பத்துக்கும் ஆயிற்று என்பதே இவ்வாசைக்குச் சொல்லப்படும் நியாயம். கேட்பதற்கு அது பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால், இரண்டு வேலைக்கும் உதவும் என்று வாங்கப்பட்ட வாகனம் இரண்டுக்குமே முழுமையாக உதவாமற் போய், மாதாந்தத் தவணைப்பணத்துக்காக மட்டும் முற்றத்தில் நிற்கும் காட்சிகளும் எமது ஊர்களில் அரிதானவை அல்ல. ஆகவே இவ்விடயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வது பயனுள்ளதாகும்.

முதலில், எதனைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். சிறிய கெப் என்ற பொதுப்பெயரின் கீழ் எமது சந்தையில் வெவ்வேறு இனங்கள் ஒன்றாகவே பேசப்படுகின்றன. யப்பானில் உருவான மிகச் சிறிய பாரவண்டிகள் ஓர் இனம். அந்நாட்டு விதிப்படி அவற்றின் நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் இயந்திரக் கொள்ளளவு 660 கன சென்ரிமீற்றரையும் தாண்டலாகாது. ஏற்றக்கூடிய சுமை 350 கிலோ. இரண்டாவது இனம் எமது மக்கள் ‘பட்டா’ என்றழைக்கும் வாகனம். 2005இல் இந்தியாவில் அறிமுகமான டாடா ஏஸ் வண்டிக்கு இலங்கையில் வழங்கிய பெயரே அது. குள்ளன் என்ற பொருள்தரும் சிங்களச் சொல். தொடக்கத்தில் 702 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் இரண்டு உருளைகளும் கொண்ட, 16 குதிரைவலு மட்டுமே உடைய டீசல் இயந்திரத்துடன் சுமார் முக்கால் தொன் சுமக்கும்படியாக அது அமைக்கப்பட்டது. மூன்றாவது இனம் ஒற்றைக் கெப். நான்காவது, ஐந்து பேர் அமரக்கூடிய இரட்டைக் கெப். இது அளவிற் சிறியது அல்லவெனினும், சிறிய வாகனம் தேடிச் செல்பவர்கள் பலர் முடிவில் இதனிடமே வந்து சேர்கின்றனர்.

அதற்கும் காரணம் உண்டு. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009இல் போர் முடிவுற்ற பின்னரும் வடக்கு, கிழக்கின் சிதைந்த வீதிகளில் ஓடித்திரிந்தவை அரச திணைக்களங்களினதும் தொண்டு நிறுவனங்களினதும் இரட்டைக் கெப் வாகனங்களே. அவற்றில் வந்திறங்கியோர் நிவாரணம் வழங்குவோராகவும் தீர்மானம் எடுப்போராகவும் இருந்தனர். அந்த வாகனம் எமது மக்களின் மனதில் மதிப்பின் சின்னமாகப் பதிந்துபோனதில் வியப்பில்லை. ஆனால் நிறுவனத்தின் வாகனத்துக்கு எரிபொருளும் ரயரும் நிறுவனமே வழங்கியது. சொந்த வாகனத்துக்கு அவற்றை வழங்குவது எமது சட்டைப்பை என்பதை மறந்துவிடலாகாது.

வாங்க எண்ணுபவர் விற்பனையாளரிடம் செல்லுமுன் செய்ய வேண்டிய முதற்காரியம், ஒரு பயிற்சிக் கொப்பியை எடுப்பதாகும். மூன்று மாத காலத்துக்கு ஒவ்வொரு நாளும் எங்கே சென்றோம், எத்தனை பேர் சென்றோம், என்ன ஏற்றினோம், அதன் நிறை என்ன, அதற்கு வாடகை கொடுத்தோமா என்பதை அதில் எழுதிவர வேண்டும். விவசாயியாயின் விதைப்புக் காலமும் அறுவடைக் காலமும் அதற்குள் அடங்குதல் நன்று. நினைவிலிருந்து கணக்கிட்டால் பிழைத்துவிடும். பொருள் ஏற்றிய நாள் நினைவில் நிற்கும். வெறுமனே பாடசாலைக்கும் கோயிலுக்கும் கடைக்கும் போய்வந்த நாட்கள் நினைவில் நிற்பதில்லை. வாரத்தில் நான்கைந்து நாட்கள் சுமை இருக்குமாயின் இவ்வாகனம் உங்களுக்குரியதே. மாதத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே சுமை இருக்குமாயின், எஞ்சிய இருபத்தெட்டு நாட்களும் வெறுமையான ஒரு தட்டைச் சுமந்து திரிவதற்காகப் பணம் செலவிடப்போகிறீர்கள் என்பது பொருள்.

இரண்டாவதாக நிறையைக் கணக்கிட வேண்டும். ஒரு சீமெந்துப் பை 50 கிலோ. பதினைந்து பைகளுடன் முக்கால் தொன் நிறைந்துவிடுகிறது. யப்பானியச் சிறு வண்டிக்கோ ஏழு பைகளே எல்லை. ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஒரு தொன். தாங்கியின் நிறை வேறு. மணலை நாம் கியூப் கணக்கில் வாங்குகிறோம். ஒரு கியூப் என்பது நூறு கன அடி, அதன் நிறை நான்கு தொன்னுக்கும் அதிகம். அரைக் கியூப் மணலே இரண்டு தொன்னைத் தாண்டிவிடும். வீடு கட்டும்போது மணலும் கல்லும் ஏற்ற உதவுமென்று எண்ணிச் சிறிய கெப் வாங்குபவர் இதனை முன்னரே அறிந்திருத்தல் அவசியம். தட்டில் இடமிருப்பதனால் மட்டும் சுமைக்கு அனுமதி கிடைத்துவிடுவதில்லை. வைக்கோலும் வெற்றுப் பெட்டிகளும் தட்டை நிரப்பினாலும் வண்டிக்குப் பாரமில்லை; ஈர மணல் தட்டின் அடியை மறைக்கும் முன்னரே வண்டியின் அச்சைச் சோதிக்கத் தொடங்கிவிடும்.

தட்டின் நீளமும் கவனிக்கற்பாலது. பட்டா வண்டியின் தட்டு சுமார் ஏழு அடி. இரட்டைக் கெப்பில் பின்னிருக்கைக்காக இடம் விட்டுக்கொடுக்கப்படுவதால் தட்டு ஐந்து அடியளவுக்குக் குறுகிவிடுகிறது. இவ்விட்டுக்கொடுப்பு எமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2021இல் போர்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய மெவரிக் என்ற சிறிய கெப்பில் ஐவர் அமரலாம். அதன் தட்டு நாலரை அடியே, சுமை சுமார் 680 கிலோ. ஆசனம் கூடினால் தட்டு குறையும் என்ற இந்த விதிக்கு எந்த நாட்டுப் பொறியியலாளரும் மாற்றுவழி கண்டுபிடிக்கவில்லை. ஆகவே ஏணி, கூரைத்தகடு, இருபது அடிக் குழாய், மீன்பெட்டி, வெங்காய மூடை ஆகியவற்றுள் எதனை நீங்கள் அதிகம் ஏற்றுவீர்கள் என்பதை அளவுநாடா கொண்டு தீர்மானியுங்கள்.

மழையையும் மறக்கலாகாது. பத்திரிகைத் தொழிலில் உள்ள எமக்கு இது அனுபவப் பாடம். அதிகாலையில் அச்சகத்திலிருந்து புறப்படும் பத்திரிகைக் கட்டுகள் மார்கழி மழையில் திறந்த தட்டில் போய்ச் சேர்ந்த நாட்களில், படங்கினால் எவ்வளவு இறுக்கிக் கட்டியபோதிலும் ஓரத்துக் கட்டுகள் நனைந்து விற்பனைக்கு உதவாமற் போனதை நாம் கண்டிருக்கிறோம். அரிசி, மா, மின்சாதனப் பொருள், ஆவணம் போன்றவற்றை ஏற்றுபவருக்குத் திறந்த தட்டைவிட மூடிய வான் சிறந்தது. சாணம், மரக்கறி, மீன், விறகு ஏற்றுபவருக்குத் திறந்த தட்டே சிறந்தது. கழுவிவிடலாம், உள்ளே நாற்றம் தங்காது.

அடுத்தது ஆட்கள் பற்றிய விடயம். எல்லாவற்றினும் பாரதூரமானது இதுவே. பட்டாவிலும் ஒற்றைக் கெப்பிலும் சாரதியுடன் இன்னும் ஒருவர் அல்லது இருவரே அமரலாம். பிள்ளைகள் இருவரைக் கொண்ட குடும்பம் அத்தகைய வாகனத்தைத் தனது ஒரே வாகனமாக வாங்கினால், அடுத்த திருவிழாவிலேயே பிள்ளைகள் பின்தட்டில் ஏற்றப்படுவார்கள். ஆரம்பத்தில் பக்கத்து ஒழுங்கைவரை மட்டும் என்றிருப்பது பின்னர் பிரதான வீதிவரை நீளும். தட்டில் ஆசனமில்லை, பட்டியில்லை, பிடிமானமில்லை. திடீரென வேகம் தணிக்கும்போது பொருள் எவ்வாறு முன்னோக்கிச் சரிகிறதோ, ஆளும் அவ்வாறே வீசப்படுகிறார். விபத்தொன்று நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வி, அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள் என்பதாகவே இருக்கும். ‘மெதுவாகத்தான் ஓடுவோம்’ என்ற உறுதிமொழியை நம்பி இவ்வாறான வாகனத்தைத் தெரிவு செய்வது தவறு. நான்கு பேர் வழமையாகச் செல்லும் குடும்பத்துக்கு நான்கு ஆசனங்கள் கட்டாயம் தேவை. அதில் பேரம் பேச இடமில்லை.

ஓட்டும் தன்மையிலும் கெப் காரைப் போன்றதன்று. சுமை தாங்குவதற்கென்று பின்னச்சில் வலுவான இலைவில்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவை அரைத்தொன் ஏறிய பின்னரே இளகிக்கொடுக்கும். வெறுமையாக ஓடும்போது ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்புக்குத் தெரியும். முதுகுநோவுள்ளவரும் கர்ப்பிணிகளும் முதியோரும் நாளாந்தம் பயணிக்கும் வீட்டில் இது சிறிய விடயமல்ல. பின்பகுதி பாரமற்றிருக்கையில் ஈர வீதியில் பின்சில்லுகள் வழுக்கும் வாய்ப்பும் அதிகம். சுமை ஏற்றிய பின்னர் நிலைமை மறுதலையாகிறது. தடுப்பு வேலை செய்ய நீண்ட தூரம் தேவைப்படும். வேகம் இருமடங்கானால் வண்டி கொண்டுள்ள இயக்கசக்தி நான்கு மடங்காகும் என்பது பாடசாலையில் நாம் படித்ததே. அதனுடன் மேலதிக நிறையும் சேரும்போது விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. பாரமான பொருளைத் தட்டின் முன்பக்கமாக, பின்னச்சுக்கு முன்னே, தாழ்வாக வைத்துக் கட்டுவதும், சுமைக்கேற்ப ரயரில் காற்றைச் சரிசெய்வதும் உயிர் காக்கும் பழக்கங்கள்.

தூரமும் தீர்மானிக்கும். தோட்டத்திலிருந்து சுன்னாகம் அல்லது திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுசெல்வதற்குச் சிறிய வண்டி பெரும் துணை. குறுகிய ஒழுங்கைகளில் திரும்பும், 3.8 மீற்றர் நீளமான பட்டா ஒரு சிறிய காரின் இடத்தில் நின்றுகொள்ளும். இரட்டைக் கெப்போ ஐந்து மீற்றரைத் தாண்டுவது. நகரத்தில் தரிப்பிடம் தேடுபவர் அந்த மேலதிக ஒன்றரை மீற்றரின் அருமையை உணர்வார். ஆனால் அதே விளைச்சலை ஏ9 வீதியில் சுமார் 250 கிலோமீற்றர் கடந்து தம்புள்ளைப் பொருளாதார நிலையத்துக்கு வாரந்தோறும் கொண்டுசெல்ல எண்ணினால், முக்கால் தொன் வண்டி அதற்கு ஈடுகொடுக்காது. அவ்வாறான தூரத்துக்கு நாலைந்து விவசாயிகள் சேர்ந்து ஒரு பெரிய லொறியை வாடகைக்கு அமர்த்துவதே கிலோ ஒன்றுக்கான செலவைக் குறைக்கும்.

இனிப் பணக் கணக்கு. ஓர் உதாரணமாக மட்டும் இதனைக் கொள்ளுங்கள். முப்பது இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 15 வீதக் குறைந்து செல்லும் வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு லீசிங் முறையில் பெற்றால், மாதத் தவணை சுமார் 71,400 ரூபா. ஐந்து ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவது ஏறத்தாழ 42 இலட்சத்து 80 ஆயிரம். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, ரயர், எண்ணெய் மாற்றம், கராஜ் செலவு ஆகியவற்றுக்கு மாதம் 20,000 என வைத்தால் மொத்தம் 91,400. மறுபுறத்தில், அதே சுமைக்கு வாடகை வண்டி ஒரு பயணத்துக்கு 8,000 ரூபா கேட்கிறது என்போம். சொந்த வண்டியில் எரிபொருளுக்கு 2,500 போனால், ஒவ்வொரு பயணத்திலும் உண்மையில் மிச்சமாவது 5,500 மட்டுமே. 91,400ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது பதினேழு. அதாவது மாதத்தில் பதினேழு பயணங்களாவது இருந்தாலன்றிச் சொந்த வண்டி வாடகை வண்டியை வெல்லாது. முற்பணத்தைக் கூட்டி, ஐந்தாண்டு முடிவில் எஞ்சும் வாகனத்தின் பெறுமதியைக் கழித்தால் இவ்வெண்ணிக்கை மாறக்கூடும். உங்களூர் வாடகையையும் உங்களுக்குச் சொல்லப்பட்ட வட்டியையும் இட்டு இதே கணக்கை நீங்களே செய்து பாருங்கள்.

வலிகாமத்தில் வெங்காயமும் பீற்றூட்டும் பயிரிடும் ஒருவர் எம்மிடம் கூறியது இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. நல்ல விலை கிடைத்த ஒரு போகத்தை நம்பி அவர் இரட்டைக் கெப் ஒன்றை லீசிங்கில் எடுத்தார். மூடைகளை அடுக்கத் தட்டு போதவில்லை; சந்தைக்கு வழமைபோல் லான்ட்மாஸ்டரிலேயே ஏற்றினார். கெப், மனைவியின் தாயாரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும் உறவினர் வீடுகளுக்குப் போகவுமே பயன்பட்டது. அடுத்த போகம் மழையில் அழிந்தது. மூன்று தவணைகள் தவறியதும் நிறுவனத்தின் ஆட்கள் வந்து வாகனத்தை எடுத்துச் சென்றனர். வாகனம் போனதைவிட, அயலவர் பார்த்திருக்க அது போனதே தமக்குப் பெரும் வேதனையளித்ததாக அவர் சொன்னார். பட்டா ஒன்றை வாங்கியிருந்தால் தப்பியிருப்பீர்களா என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, ‘ஒன்றுமே வாங்காமல் இருந்திருந்தால் தப்பியிருப்பேன்’ என்றார்.

கடன் வழங்குவோர் கூடுதலாகத் தர முன்வருவதை எமது தகுதிக்கான சான்றாக எண்ணிக்கொள்வதும் தவறு. 2025 ஜூலையில் மத்திய வங்கி விதித்த உச்சவரம்பின்படி வணிக வாகனங்களுக்குப் பெறுமதியின் 80 வீதம் வரையும் கார், வான் போன்றவற்றுக்கு 60 வீதம் வரையுமே அப்போது கடன் வழங்கக்கூடியதாக இருந்தது. இவ்வரம்புகள் காலத்துக்குக் காலம் மாற்றப்படுபவை. ஆயினும் அவற்றின் பின்னால் உள்ள தத்துவம் ஒன்றே: வணிக வாகனம் உழைத்துத் தன் கடனைத் தானே அடைக்கும் என்ற எதிர்பார்ப்பு. உழைக்காத வாகனத்துக்கு அந்த 80 வீதம் ஒரு சலுகையன்று, மேலதிகச் சுமையே.

பதிவு வகையையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரே தோற்றமுள்ள இரு வாகனங்கள், ஒன்று லொறியாகவும் மற்றையது இரட்டைப் பயன்பாட்டு வாகனமாகவும் பதியப்பட்டிருக்கலாம். வரி, காப்புறுதிக் கட்டணம், தகுதிச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு ஆகிய அனைத்தும் அதனைப் பொறுத்தே அமைகின்றன. 2022 எரிபொருள் நெருக்கடியின்போது கியூஆர் முறையில் பங்கீடு ஆரம்பித்த வேளையில், காருக்கும் வானுக்கும் வாரம் 20 லீற்றரும் லொறிக்கு 50 லீற்றரும் என வகுக்கப்பட்டது. பதிவுச் சான்றிதழில் உள்ள ஒரு சொல் எவ்வளவு தூரம் பாயும் என்பதை அன்று வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள்.

பாவித்த வாகனம் வாங்குவோர் இன்னும் சில விடயங்களில் கண்ணாயிருத்தல் வேண்டும். மீனும் ஐஸும் ஏற்றிய வண்டியின் அடிச்சட்டத்தை உப்பு அரித்திருக்கும். மேலே பூசிய புதிய வர்ணம் அதனை மறைக்கும். வண்டியை உயர்த்தி, சட்டத்தையும் இலைவில்களையும் தட்டின் அடிப்புறத்தையும் நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் பதிவுச் சான்றிதழுடன் ஒத்திருக்க வேண்டும். சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனமொன்றின் பெயர் இருந்தால், கடன் தீர்க்கப்பட்டு அப்பெயர் நீக்கப்படும் வரை பணத்தைக் கையளிக்கலாகாது. ‘ஓப்பன் பேப்பர்’ என்ற பெயரில் உரிமை மாற்றாமல் கைமாறிவரும் வாகனங்களைத் தவிர்ப்பதே நன்று. முன்னைய உரிமையாளரின் வழக்கும் கடனும் அதனோடு சேர்ந்து வரக்கூடும்.

இவ்வளவும் கூறியதனால் சிறிய கெப் வாகனமே வேண்டாமென்பது எமது கருத்தன்று. நாள்தோறும் மீன் எடுத்து விற்பவர், பலசரக்குக் கடை நடத்துபவர், பால் சேகரிப்பவர், குழாய் வேலையும் மின்வேலையும் செய்பவர், சந்தைக்கு அருகில் தோட்டம் வைத்திருப்பவர் ஆகியோருக்கு அது கூலியாளைவிடவும் விசுவாசமான துணை. அவர்களுக்கு ஏற்றது பெரும்பாலும் பட்டாவோ ஒற்றைக் கெப்போதான். வீட்டில் ஏற்கெனவே ஒரு மோட்டார் சைக்கிளோ முச்சக்கரவண்டியோ இருப்பின் குடும்பப் பயணமும் ஒருவாறு சமாளிக்கப்படும். ஆட்களும் கருவிகளும் ஒன்றாகத் தூர இடங்களுக்குச் செல்லவேண்டிய ஒப்பந்தகாரருக்கு இரட்டைக் கெப் பொருந்தும். மாதச் சம்பளத்தில் அலுவலகம் சென்றுவரும் ஒருவர், ஆண்டில் இரண்டு தடவை கதிரை மேசை ஏற்றுவதற்காக அதனை வாங்குவாராயின், அவருக்கு ஒரு சிறிய காரும் ஊரிலுள்ள வாடகை வண்டிக்காரரின் தொலைபேசி இலக்கமும் போதுமானவை.

விவசாய அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பொதுவில் ஒரு பாரவண்டியை வைத்திருந்து, முறை வைத்துப் பயன்படுத்தும் ஏற்பாட்டினையும் சிந்திக்கலாம். பத்து வீடுகளில் பத்து வண்டிகள் வாரத்தில் ஒரு நாள் ஓடுவதிலும் பார்க்க, ஒரு வண்டி வாரம் முழுவதும் ஓடுவது எல்லோருக்கும் இலாபம். கூட்டுறவில் நீண்ட பாரம்பரியமுள்ள எமது பிரதேசத்துக்கு இது புதிய பாடமன்று.

எவ்வாறாயினும் முடிவெடுப்பவர் வாங்குபவரே. விற்பனை நிலையத்தின் மினுமினுப்பில் நின்று அதனை எடுக்காமல், மூன்று மாதக் கொப்பியை முன்னால் விரித்து, வீட்டிலுள்ளவர்களையும் இருத்தி வைத்துக்கொண்டு எடுக்கட்டும் என்பதே எமது வேண்டுகோள். தவணைப்பணம் கட்டும் சுமையில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் பங்கிருக்கப்போகிறது. தீர்மானத்திலும் அவர்களுக்குப் பங்களிப்பதே முறையாகும்.